தாய்மாமன் வரும்வரை ஜாஸ்

நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லூரில் எங்கள் வீட்டின் முன்பகுதிதான் அவருடைய ஒர்க்‌ஷாப். எந்தச் செய்தியையும் ஸ்பேனரைக் கீழே வைக்காமல்தான் கேட்பார்.

"என்ன படிப்பு?"

"ஜாஸ்."

"கேஸா?"

"ஜாஸுங்க. மியூசிக். ரெண்டு வருச டிப்ளமோ. சனி ஞாயிறு காலைல மட்டும் கிளாஸ்."

"அதான் உனக்கு வாசிக்கத் தெரியுமே. பதினஞ்சு வருசமா வாசிச்சுக்கிட்டுத்தான இருக்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று மதுரையைச் சுற்றி நான் ஏறாத மேடை குறைவு. பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் பியானோ கற்றுக்கொண்டவள். அவர் முதலில் சுரங்கள் எழுதிய தாளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார், பிறகு மேலும் வேகமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எங்கள் குழுத் தலைவரும் எல்லாப் பாட்டையும் பின்னணி இசையோடு தாளில் எழுதித் தந்துவிடுவார். அதில் இருப்பதை ஒரு சுரம் கூடாமல், ஒரு சுரம் குறையாமல் வாசிப்பேன். "அப்படியே ரெக்கார்டு போட்ட மாதிரி இருக்கு" என்று கேட்டவர்கள் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ரிசப்ஷனில் மணமக்களுக்கு வியர்க்கிறது என்று யாரோ பெரிய ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். என் ஸ்டாண்டில் இருந்த தாள்கள் மொத்தமும் எழுந்து பறந்து, பந்திக்கு நின்றவர்களின் தலைமேல் போய் விழுந்தன. பாட்டு பாதியில் இருக்கிறது. பாடகி பாடுகிறார், டிரம்ஸ்காரர் அடிக்கிறார். நான் மட்டும் மருதாணி காய வைத்தவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறைந்தது இருநூறு மேடையில் வாசித்த பாட்டு அது. அடுத்த சுரம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பெரியப்பா தாள்களைப் பொறுக்கிவந்து, வரிசை மாற்றி, தலைகீழாக வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் குழுத் தலைவர் என் தாள்களுக்குத் துணி காயப்போடும் கிளிப் கொண்டுவர ஆரம்பித்தார். அந்த மஞ்சள் கிளிப்புகள்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தன.

முதல் நாள் இசைத்துறையில் ஓர் அறையைக் காட்டினார்கள். உள்ளே ஜீன்ஸும் குர்தாவும் போட்ட ஒரு பெண் ஜன்னல் கம்பியில் குடையை மாட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும்.

"ஏம்மா, மேடம் எப்ப வருவாங்க?" என்றேன்.

"இப்ப வந்துருவாங்க. உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அந்தப் பெண் பியானோ முன்னால் போய் அமர்ந்து, மூடியைத் திறந்து, என்னைப் பார்த்து, "மேடம் வந்துட்டாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு அக்கா. மதுரைப் பெண்தான். பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். வெளிநாட்டில் நான்கு வருடம் ஜாஸ் பியானோ படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். யாரையும் திட்டமாட்டார். நாங்கள் தாளத்தை விட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சௌராஷ்டிரத்தில் எண்ணுவார். எண்ணிக்கை சத்தமாகக் கேட்டால் கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

படிப்பில் மூன்று பகுதி. கோட்பாடு, செவிப்பயிற்சி, மனோதர்மம், அதாவது தாள் இல்லாமல் அப்போதைக்குத் தோன்றுவதை வாசிப்பது. கோட்பாடு எனக்குப் பிரச்சினையே இல்லை. எந்தக் கோர்டில் எந்தச் சுரங்கள், எந்தக் கோர்டுக்குப் பின் எது வரும் என்பதெல்லாம் தாளில் இருக்கும் சமாசாரம். தாளில் இருந்தால் நான் ராணி.

செவிப்பயிற்சி வகுப்பில் எங்களைப் பியானோவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். இரண்டு சுரம் வாசிப்பார், அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

"அக்கா, இது என்ன?"

"மேஜர் தேர்டு."

"இது?"

"மேஜர் தேர்டு."

"இது?"

மூன்றாவது முறையும் அதையே சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. "பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்" என்றேன்.

"இப்பதான் மேஜர் தேர்டு வாசிச்சேன். கொஞ்சம் பொறுத்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

பதினைந்து வருடம் மேடையில் இருந்தவளுக்குக் காது இல்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. என் கண் படித்தது, விரல் வாசித்தது. நடுவில் காதுக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. அது பாட்டுக்குக் கம்மல் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

வீட்டுப்பாடமாக ஒரு செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொன்னார். அது கோர்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும், எந்த வகை என்று நாம் தொட வேண்டும். தவறாகத் தொட்டால் பொம்மைத் தவளை மாதிரி ஒரு சத்தம் போடும். அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு பழகினேன். ஒரு வாரம் வீடு முழுக்கத் தவளைச் சத்தம்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முன்பக்கம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"அது முன்னாடி வந்ததுதான். அந்த அழுமூஞ்சி."

நான் மைனர் என்பதைத் தொட்டேன். தவளை கத்தவில்லை.

அடுத்த கோர்டு வந்தது. "இது வேற. கார்ப்பரேட்டர் அடைச்ச மாதிரி இருக்கு."

அது டிமினிஷ்டு. அடுத்ததற்கு, "இது ஆக்சிலேட்டர முறுக்கிட்டுக் கிளட்ச விடாம நிக்கிற மாதிரி. எங்கயோ போகணுங்குது, போக மாட்டேங்குது" என்றார். அது டாமினன்ட் செவன்த். அதைப் பற்றி மேடம் கரும்பலகையில் முக்கால் மணி நேரம் விளக்கியிருந்தார். அந்த விளக்கத்தின் சாரமும் இவர் சொன்னதுதான்.

அவருக்கு இசையில் ஆர்வமே கிடையாது. என் நிகழ்ச்சிகளுக்கு வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில்தான் நிற்பார். ஆனால் தெருமுனையில் வரும் வண்டியின் சத்தத்தை வைத்து எந்த போல்ட் லூஸ் என்று சொல்கிற ஆள். அன்று மாலை இருபது கோர்டில் பதினெட்டைச் சரியாகச் சொன்னார், ஒரு பெயரும் தெரியாமல். நான் பதினொன்று. "எம்புட்டு ஃபீஸ் கட்டுன?" என்று மட்டும் கேட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இதற்கிடையில் மேடம் என்னுடைய இன்னொரு ரகசியத்தையும் கண்டுபிடித்துவிட்டார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் அதை அமுக்கிவிட்டால் போதும், நாம் வழக்கமாகப் பழகிய வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துக்கொண்டிருக்கலாம், மெஷின் மாற்றிக்கொடுத்துவிடும். மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு அந்தப் பட்டன் இல்லாமல் பிழைப்பு இல்லை. வகுப்புக்கும் என் கீபோர்டைத்தான் கொண்டுபோவேன். அங்கே ஒரு பாடத்தை வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னபோது என் கை தானாக அதன்மேல் போனது. மேடம் பார்த்துவிட்டார்.

"அக்கா, கைப்பையில ஸ்டிக்கர் பொட்டு இருக்கா?"

இருந்தது. பெரியதாக, மெரூன் நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பட்டன்மேல் ஒட்டினார்.

"இனி இது சுமங்கலி. தொடக்கூடாது."

அதன் பிறகு பன்னிரண்டு சுருதியிலும் ஒவ்வொரு பாடத்தையும் பழக வேண்டியிருந்தது. கறுப்புக் கட்டைகள் எதற்காக இருக்கின்றன என்பது எனக்கு முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

மூன்றாவது பகுதியான மனோதர்மம்தான் எனக்குப் பயம். மேடம் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளவட்டம், கொண்ட ப்ளூஸ் என்ற எளிய மெட்டை இடது கையால் வாசித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு சுற்று சோலோ வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது.

"என்ன வாசிக்கணும் மேடம்?"

"எது வேணாலும்."

எனக்கு யாரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. வீட்டிலும் சரி, மேடையிலும் சரி, எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு பார் முடியும்வரை நான் ஒரே சுரத்தை, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, நான்கு முறை தொட்டேன்.

அடுத்த வாரத்துக்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் உட்கார்ந்து ஓர் அழகான சோலோவைத் தாளில் எழுதினேன். நான்கு நாள் மனப்பாடம் செய்தேன். வகுப்பில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அப்போதுதான் தோன்றியது போலத் தலையை ஆட்டி வாசித்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். மேடம் தட்டவில்லை.

"ரொம்ப நல்லாருந்துச்சு அக்கா. இன்னொரு சுத்து வாசிங்க."

வாசித்தேன். வேறு எதுவும் கைவசம் இல்லாததால் அதையே வாசித்தேன், தலையாட்டல் உட்பட.

மேடம் பியானோவை நிறுத்தினார். "நேத்து வச்ச கொழம்ப சூடு பண்ணிக் கொண்டாந்துட்டீங்க," என்றார். "கொழம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க அடுப்புப் பத்தவைக்கணும்கா." பிறகு கொஞ்சம் மெதுவாக, "தப்பு பண்ணுனா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். அது கேலியாகக் கேட்ட கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எங்கள் வகுப்பில் இதற்கு நேர் எதிரான ஒருவர் இருந்தார். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், முப்பத்தைந்து வயது, சாக்ஸபோன் வாசிப்பார். சொந்தமாக ஒரு பேண்டு செட் வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் பள்ளிக்கூட பேண்டில் ஆரம்பித்து இப்போது சுற்றுவட்டாரத்தில் தேதி கிடைக்காத ஆள். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

அவர் முறை வந்தபோது சாக்ஸபோனை எடுத்து ஊதினார். பன்னிரண்டு பார் முடிந்தது, இருபத்து நான்கு முடிந்தது, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு சுற்றில் வந்தது அடுத்த சுற்றில் வரவில்லை. மேடமே வாசிப்பதை மறந்து திரும்பிப் பார்த்தார்.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு? மாப்பிள்ளை கார்ல இருந்து எறங்குற வரைக்கும் ஓட்டணும்ல. பாட்டு முடிஞ்சுருச்சுன்னு நிப்பாட்டுனா பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க."

அவருக்கு அது "ஓட்டுறது". அதற்கு ஒரு பாடத்திட்டமும் வெள்ளைத் தாளில் மதிப்பெண்ணும் உண்டு என்று கேட்டதும் சிரித்தே விட்டார். ஆனால் கரும்பலகையில் கோர்டு பெயர்களை எழுத ஆரம்பித்தால் அவர் முகம் சுருங்கிவிடும். டாமினன்ட் செவன்த் என்று மேடம் சொன்னால் யாரோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைத்தது போல நிமிர்ந்து உட்காருவார். காதில் கேட்டால் உடனே ஊதுவார், பெயர் கேட்டால் பேச்சு வராது.

ஆகவே நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வகுப்பு முடிந்ததும் கேண்டீனில் நான் அவருக்குக் கோட்பாடு சொல்லிக்கொடுப்பேன், அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். முதல் பாதி நன்றாகவே நடந்தது. இரண்டாம் பாதியில் அவர் சொன்ன ஒரே பாடம், "சும்மா வாசிங்கக்கா" என்பதுதான்.

நானும் சும்மா வாசித்துப் பார்க்கலாம் என்று, வாடிப்பட்டியில் ஒரு ரிசப்ஷனில் துணிந்தேன். பாடகி சரணத்துக்குள் நுழையும் இடத்தில், தாளில் இருந்த கோர்டுக்குப் பதிலாக வகுப்பில் படித்த மாற்றுக் கோர்டு ஒன்றைப் போட்டேன். கோட்பாட்டின்படி அது முற்றிலும் சரி. பாடகி வாயைத் திறந்தார், எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார், பிறகு மைக்கில் "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். நிகழ்ச்சி தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இடைவேளையில் குழுத் தலைவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, என்னத்த வாசிச்ச நீ?"

"சப்ஸ்டிட்யூஷன்ணே. அந்தக் கோர்டுக்குப் பதிலா இதப் போடலாம்."

"அப்படியா? உனக்குப் பதிலாக்கூட ஒரு ஆளப் போடலாம். போடவா?"

"வேணாம்ணே."

"அப்ப எழுதுனத வாசி."

அதோடு நான் அடங்கிப்போயிருப்பேன். இரண்டாம் வருடம் ஆவணி மாதத்தில் சாக்ஸபோன் தம்பி போன் செய்யாமல் இருந்திருந்தால்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ஒரு காதுகுத்து. எங்க கீபோர்டுக்காரனுக்கு அம்மை போட்டுருச்சு. நீங்க வாரீங்களா? தாய்மாமன் சீர் கொண்டாற ஊர்வலம், அம்புட்டுதான். அரை மணி நேரம் வாசிச்சாப் போதும்."

அன்று வகுப்பும் இல்லை. ஆறு பாட்டைத் தாளில் எழுதி, கீபோர்டும் மஞ்சள் கிளிப்புகளுமாகக் காலை பஸ்ஸில் மேலூர் போய் இறங்கினேன். அங்கிருந்து அவர்கள் வண்டியில் கிராமத்துக்குப் போனோம். என் கீபோர்டைக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீழே டிரம்ஸ், டிரம்பெட், தம்பியின் சாக்ஸபோன். ஊர் முக்கில் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். ஓர் ஆட்டுக்கிடா மாலையோடு நின்று அந்த மாலையையே தின்றுகொண்டிருந்தது. எல்லாம் தயார், தாய்மாமனைத் தவிர.

தாய்மாமன் ஊர் எல்லையில் காரில் உட்கார்ந்திருந்தார். இறங்க மாட்டேன் என்கிறார். மண்டபத்து வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் குழந்தையின் சித்தப்பா படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது, தன் படம் மூலையில் தபால்தலை அளவில் இருக்கிறது என்று கோபம். சமாதானம் பேச நான்கு பேர் பைக்கில் போயிருந்தார்கள். குழந்தையின் அம்மா, அந்த மாமனின் அக்கா, புதுப்பட்டுச்சேலையோடு எங்கள் வண்டிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, என்ன ஆனாலும் கொட்ட நிப்பாட்டிராதீங்க. நிப்பாட்டுனா அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுரும்."

தம்பி தலையாட்டினார். நாங்கள் வாசிக்க ஆரம்பித்தோம்.

என் ஆறு பாட்டும் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோயின. மாமன் வரவில்லை. மறுபடியும் முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன். பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவர், "இது மொதல்ல வாசிச்சதுல்ல?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டாததெல்லாம் என் காதில் விழும். சீர்த்தட்டு வைத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வண்டியின் பக்கத்தில் வந்து, வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தார். "தாள மூடுங்கக்கா."

"மூடிட்டு?"

"ரெண்டு கோர்டு. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். போங்க, போய்ட்டு வாங்க."

சாக்ஸபோனுக்கு வசதியான சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் கைக்கு அது கறுப்புக் கட்டை. டிரான்ஸ்போஸ் பட்டன்மேல் இருந்த பொட்டைப் பிய்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நேரமில்லை. இடது கையால் அந்த இரண்டு கோர்டைப் பிடித்தேன், வலது கையை எங்கோ வைத்தேன். முதல் மூன்று சுரம் சரியாக விழுந்தது. நான்காவது தப்பு. நல்ல சத்தமாக, ஜெனரேட்டரையும் தாண்டிக் கேட்கிற தப்பு. என் முகம் கோணியது, கை நின்றுவிடப் பார்த்தது.

அதற்குள் தம்பி அந்தத் தப்புச் சுரத்தை சாக்ஸபோனில் எடுத்துவிட்டார். அதே சுரம். அதை நீட்டி, இழுத்து, ஒரு சின்ன வளைவு வளைத்து, சரியான இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். நான் தப்பு செய்ததாகவே தெரியவில்லை. அவருக்கென்று நான் எடுத்துக் கொடுத்தது மாதிரி இருந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார், இன்னொன்று கொடுங்கள் என்பது போல.

கொடுத்தேன். அது தப்பா சரியா என்று யோசிப்பதற்குள் அவர் பதில் சொன்னார். அவர் சொன்னதன் கடைசி மூன்று சுரத்தை நான் திருப்பிச் சொன்னேன். அதற்கு அவர் வேறொன்று சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், நான் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்தில் மேடையில் பக்கத்து ஆள் என்ன வாசிக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. எனக்குத் தாள் இருந்தது, கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. டிரம்ஸ்காரர் ஒரு இடத்தில் அடியை மாற்றினார், நாங்கள் இரண்டு பேரும் அதன் பின்னால் போனோம். வாழைப்பழத் தட்டு வைத்திருந்த ஒரு பெண், அதை இடுப்புக்கு மாற்றும்போது சரியாக அந்த அடியில் மாற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. இடையில் ஒரு முறை நன்றாகவே தடம் தெரியாமல் போய், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் சாய்ந்திருந்த ஆள் அதற்குத்தான் விசில் அடித்தார். உலகத்தில் யாருக்கு எது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் கீழே ஒருவர் என் நாற்காலியின் காலைத் தட்டினார். வெள்ளை வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை, கையில் கர்ச்சீப்.

"ஏம்மா, முடிஞ்சுருச்சா? போவோமா?"

தாய்மாமன். அவர் வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டதாம். மேலூரில் அவசரமாக அடித்துக் கொண்டுவந்த புதிய ஃப்ளெக்ஸில் அவர் படம் சித்தப்பாவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாகி வந்தவர், நாங்கள் மும்முரமாக இருப்பதைப் பார்த்து, பாட்டு முடியட்டும் என்று வரிசையில் நின்றிருக்கிறார். நிறுத்தவே கூடாது என்று கெஞ்சிய அவருடைய அக்கா இப்போது எங்களை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன்.

"எத்தன சுத்து வாசிச்சீங்க?"

"எண்ணல மேடம்."

"தப்பு விழுந்துச்சா?"

"நெறைய."

"மூஞ்சி?"

"மொதல்ல கோணுச்சு. அப்புறம் மறந்துட்டேன்."

அவர் கேலி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ பியானோ முன் உட்கார்ந்து இரண்டு சுரம் வாசித்தார். "இது என்ன?" என்றார். எனக்கு முதுகைத் திருப்பக்கூட நேரம் இல்லை. சொன்னேன். சரியாக இருந்தது. அடுத்ததைத் தப்பாகச் சொன்னேன். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், "அப்பாடா, அக்கா திரும்பி வந்துட்டாங்க" என்றார்.

சித்திரையில் தேர்வு நடந்தது. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "உங்கள் விருப்பம்போல மூன்று சுற்று" என்றார். தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. முதல் சுற்று நன்றாக வந்தது, இரண்டாவது சுமார், மூன்றாவதில் வீட்டுக்குப் போகும் அவசரம் தெரிந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். செவிப்பயிற்சியில் கரையேறினேன், அவ்வளவுதான். "உங்க வீட்டுக்காரர் வந்து எழுதியிருந்தா முதல் வகுப்பு" என்றார், தவளைக் கதை தெரிந்த மேடம். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

தம்பி மனோதர்மத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கினார். கோட்பாட்டில் தவறிவிட்டார். கோர்டு பெயர்களைக் கேட்ட கேள்விக்கு, பெயர் மறந்துபோன இடத்திலெல்லாம், அந்தக் கோர்டை எந்தச் சமயத்தில் வாசிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். "பொண்ணு மேடை ஏறும்போது", "சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது" என்று. தேர்வாளர் அதற்கெல்லாம் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அரை மதிப்பெண்.

"அதுக்கு எதுக்கு அரை மார்க்கு குடுத்தாருன்னு தெரியலக்கா. மத்ததும் சரிதான?" என்று வருத்தப்பட்டார். எனக்கும் எல்லாம் சரியென்றுதான் பட்டது.

அவருடைய மறுதேர்வுக்காக அடுத்த ஆறு மாதம் வியாழக்கிழமைதோறும் வீட்டு வேலை முடிந்து மேலூருக்குப் பஸ் ஏறினேன். தம்பி வீட்டு முற்றத்தில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். அவருடைய மனைவி அரிசி புடைத்துக்கொண்டே எங்களைவிட வேகமாகக் கோர்டு பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டார். தம்பி தடுமாறினால் மனைவி எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது முறை தேர்வில் தம்பி தேறிவிட்டார். மேடம் அதற்குள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போயிருந்தார். போனில் சொன்னபோது, "அந்த அரை மார்க்க நான்தான் போடச் சொன்னேன்" என்று சிரித்தார்.

மெல்லிசைக் குழுவில் இன்னும் இருக்கிறேன். தலைவர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டில் மட்டும், எட்டு பார் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். தாளில் அந்த இடத்தில் கோடு கிழித்து, "இங்கே அவள் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாவது பாருக்குள் போனால் இருமுவார்.

சான்றிதழ்கள் வந்த நாளில் நானும் தம்பியும் பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு கடையில் லேமினேஷன் செய்யக் கொடுத்தோம். அவருடையது நன்றாக வந்தது. என்னுடையதில் என் பெயருக்கு மேல் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது. கடைக்காரர் விரலால் அழுத்திப் பார்த்தார், துணியால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. பிரித்து மறுபடி போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இருக்கட்டும் என்று அப்படியே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.